அந்த பாக்ஸ்டரின் சேசிஸ் எண் சொல்வதும் சொல்லாததும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கொளத்தூரில் ஒருவர் போர்ஷே பாக்ஸ்டர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விற்கிறார். ‘2012 மாடல்’ என்று சொல்கிறார். முன்கண்ணாடியின் இடது மூலையில் தெரியும் சேசிஸ் எண்ணையும் (வண்டியின் அடையாள எண்) ஆர்.சி.யையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த எண்ணை ஓர் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், ‘சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை, எண் போலியாக இருக்கலாம்’ என்று வருகிறது. ஆர்.சி.யில் மூன்றாவது எழுத்தும் வேறாக இருக்கிறது. வாங்கலாமா, விட்டுவிடலாமா?

தம்பி, இப்போதைக்கு விடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். உங்களைப் பயமுறுத்திய இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. பயப்பட வேண்டியவற்றை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

நான் ராயபுரத்துக்காரன். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சிறு வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சோழவரம் பந்தயத்துக்குப் போனவன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்கள் பறந்த இடம் அது. பந்தயம் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அந்த ஆசை இன்றும் எனக்குள் இருக்கிறது. அதனால், ‘எதற்குத் தம்பி இதெல்லாம், ஒரு நல்ல குடும்பக் காராகப் பாருங்கள்’ என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் காசு தப்பான வண்டியில் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் என் கவலை.

நீங்கள் அனுப்பிய எண்ணின் முதல் பன்னிரண்டு இடங்களை மட்டும் எழுதுகிறேன்: டபிள்யூ, பி, 0, இசட், இசட், இசட், 9, 8, இசட், பி, யு, 7. கடைசி ஐந்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அரசின் போக்குவரத்து இணையதளத்தில் அபராத விவரம் பார்ப்பது போன்ற பல வேலைகளுக்கு அந்த ஐந்து இலக்கங்களைத்தான் கேட்கிறார்கள். எவருடைய வண்டியானாலும் முழு எண்ணை நாலு பேர் பார்க்கும் இடத்தில் போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது இடத்தில் இருக்கும் ‘பி’ போர்ஷேவின் முதல் எழுத்து, ஆங்கில வரிசையில் பதினாறாவது. பத்தாவது இடத்தில் இருக்கும் ‘பி’ ஏ–க்கு அடுத்த எழுத்து. தமிழில் எழுதினாலும் தொலைபேசியில் சொன்னாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். சேசிஸ் எண்ணை வாய்வார்த்தையாக வாங்கி எழுதியதால் கிளெய்ம் மாதக்கணக்கில் நின்றுபோன கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எப்போதும் படமாகவே கேளுங்கள்.

சேசிஸ் எண்ணுக்குப் பதினேழு இடங்கள் என்பது 1981 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் கட்டாயமான முறை. உலகத் தர அமைப்பு அதற்கு முன்பே, 1977இல், விதி வகுத்துவிட்டது. அதற்கு முந்தைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பியட் போன்ற வண்டிகளில் சேசிஸ் எண் குட்டையாக இருக்கும். அவற்றுக்கு இந்தப் பதிலில் எதுவும் பொருந்தாது. பதினேழிலும் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வரவே வராது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்பதால் விலக்கிவிட்டார்கள்.

உங்கள் ஆர்.சி. சிக்கலுக்கு விடை இங்கேயே இருக்கிறது. வண்டியில் மூன்றாவது இடத்தில் சைபர், ஆர்.சி.யில் ‘ஓ’. ‘ஓ’ என்ற எழுத்தே சேசிஸ் எண்ணில் கிடையாது என்பதால், யாரோ தட்டச்சு செய்தபோது நேர்ந்த பிழை அது. வண்டியில் கைவைத்ததற்கான அடையாளம் இல்லை. ஆனாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் பாலிசி ஆர்.சி.யைப் பார்த்துத்தான் எழுதப்படும். நாளை விபத்து என்று வந்தால் என் போன்ற ஒருவர் வண்டியில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு ‘பொருந்தவில்லை’ என்று எழுதுவார். விற்பவர் தன் பெயரில் இருக்கும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருத்தம் வாங்கித் தரட்டும். பெயர் மாற்றிய பிறகு அந்த அலைச்சல் உங்கள் தலையில் விழும்.

அடுத்து, அந்த இணையதளம் சொன்ன ‘சரிபார்ப்பு எண்’. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எடை என்று வைத்துப் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் ஒன்பதாவது இடத்தில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. மீதி பத்து என்றால் அங்கே எக்ஸ் வரும். வட அமெரிக்காவில் இது கட்டாயம். ஐரோப்பாவில் கட்டாயமில்லை. போர்ஷே, ஆடி, ஃபோக்ஸ்வேகன் ஆகியவை வட அமெரிக்கா அல்லாத பெரும்பாலான சந்தைகளுக்குச் செய்யும் வண்டிகளில் நான்காவது முதல் ஆறாவது வரையும் ஒன்பதாவதிலும் வெறுமனே ‘இசட்’ என்று நிரப்பிவிடுவார்கள். அது இடத்தை அடைக்கும் எழுத்து, அவ்வளவுதான். இசட் என்பது எந்த வகுத்தலிலும் மீதியாக வராது என்பதால், இப்படி இசட் நிரப்பிய போர்ஷே ஒவ்வொன்றும் அந்தச் சோதனையில் தோற்கும். தோற்பதுதான் இயல்பு.

மாறாக, அந்தச் சோதனையில் வெற்றி பெறுவதாலும் எதுவும் நிரூபணமாகிவிடாது. பதினேழு இடத்திலும் ஒன்று, ஒன்று என்று போட்டுப் பாருங்கள். எடைகளின் கூட்டுத்தொகை 89. பதினொன்றால் வகுத்தால் மீதி 1. ஒன்பதாவது இடத்திலும் 1. கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படி ஒரு கார் உலகத்தில் இல்லை.

நீங்கள் பார்க்கப் போகும் வேறு போர்ஷே எதிலாவது மூன்று இசட்டுக்குப் பதிலாக வேறு எழுத்துகளும் எண்களும் இருந்தால் அது பெரும்பாலும் வட அமெரிக்காவுக்காகச் செய்த வண்டி. அப்படியானால் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்திருக்க வேண்டும். இப்போது வலது பக்கம் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி ‘2012 மாடல்’ என்ற பேச்சு. உங்கள் விஷயத்தில் பணம் இருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பத்தாவது இடம் மாடல் ஆண்டு. 2010க்கு ஏ, 2011க்கு பி, 2012க்கு சி என்று போகும். 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரையான எண்கள். உங்கள் வண்டியில் இருப்பது ‘பி’, அதாவது 2011 மாடல். ஆர்.சி.யில் பதிவு தேதி 2012 பிப்ரவரி என்று நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை; நம் ஊரில் பதிவான ஆண்டைத்தான் எல்லோரும் ‘மாடல்’ என்கிறார்கள். ஆனால் போர்ஷேவில் மாடல் ஆண்டு என்பது முந்தைய ஆண்டின் நடுவிலேயே தொடங்கிவிடும். 2011 மாடல் வண்டி 2010 ஆகஸ்டிலேயே தயாராகியிருக்கலாம். அப்படியானால் பதிவு ஆகும் முன்பே ஒன்றரை ஆண்டு எங்கோ நின்றிருக்கிறது. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம், ஆண்டு என்று தனிக் கட்டம் உண்டு. அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஏழு, எட்டு, பன்னிரண்டாம் இடங்களில் இருக்கிறது. போர்ஷே தன் வண்டி வகையின் மூன்று இலக்க எண்ணைப் பிரித்து வைக்கும்: முதல் இரண்டு இலக்கங்கள் ஏழாவது, எட்டாவது இடத்தில், மூன்றாவது இலக்கம் பன்னிரண்டாவதில். உங்கள் எண்ணில் 9, 8, பிறகு 7. ஆகவே இது 987 தலைமுறை. 2012இல் 981 என்ற முற்றிலும் புதிய பாக்ஸ்டர் வந்தது. அதில் பன்னிரண்டாவது இடத்தில் 1 இருக்கும். ‘2012 பாக்ஸ்டர் என்ன விலை’ என்று தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். நீங்கள் ஒப்பிட்ட விளம்பரங்களில் பாதி 981 வண்டிகளுடையவை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கதவுக்குப் பின்னால் காற்று உள்வாங்கும் வடிவம், உள்ளே டேஷ்போர்டு எல்லாம் வேறு. விலை பேசும்போது 987 விலையை மட்டும் பேசுங்கள்.

பதினோராவது இடம் தொழிற்சாலை. ‘யு’ என்றால் பின்லாந்தில் உசிகௌபுங்கி என்ற ஊர். ஜெர்மனியில் இடம் போதாமல் போர்ஷே 1997 முதல் 2011 வரை பாக்ஸ்டரையும் பின்னர் கேமன் என்ற காரையும் அங்கே வால்மெட் நிறுவனத்திடம் கொடுத்துச் செய்தது. ‘எஸ்’ என்றால் ஸ்டுட்கார்ட். சிலர் ‘எஸ் வண்டிதான் அசல் ஜெர்மனி’ என்று கூடுதல் விலை கேட்பார்கள். தரத்தில் வேறுபாடு இல்லை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். எனக்கு இந்த எழுத்து வேறு விதத்தில் பயன்படுகிறது. ‘பி’யும் ‘யு’வும் ‘7’உம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. 2014 என்று காட்டும் எழுத்தோடு ‘யு’ இருந்தால் யாரோ யோசிக்காமல் எண்ணை உருவாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த ‘பி’ எனக்கு மகிழ்ச்சி தந்த எழுத்து. 2008 மாடல் வரை பாக்ஸ்டரின் என்ஜினுக்குள் ஓர் இடைத்தண்டு, அதன் நுனியில் ஒரு பேரிங். அந்த பேரிங் உடைந்தால் என்ஜின் முழுவதும் போய்விடும். இது உலகம் முழுவதும் அறிந்த குறை. 2009 மாடலில் வந்த புதிய என்ஜினில் அந்தத் தண்டே இல்லை. பத்தாவது இடத்தில் 9, ஏ, பி, சி என்று பார்த்தால் அந்தக் கவலை இல்லை. 5, 6, 7, 8 என்று பார்த்தால் பேரிங் மாற்றிய பில் எங்கே என்று கேட்க வேண்டும். வெளிப்பார்வைக்கு 2008உம் 2009உம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஒரே ஓர் இலக்கம் இவ்வளவு பெரிய செலவைப் பிரித்துக் காட்டுவது இந்த வண்டியில்தான்.

என்ஜின் 2.9 லிட்டரா, ‘எஸ்’ வகையின் 3.4 லிட்டரா என்பதை இந்த எண் நேராகச் சொல்லாது. இசட் நிரப்பிய எண்களின் குறை அது. அமெரிக்க வண்டிகள் இந்த விஷயத்தில் தாராளம். 2015 மாடலிலிருந்து வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் எண்ணில் எட்டாவது இடத்தில் ‘எஃப்’ என்றால் 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), ‘எச்’ என்றால் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர். பாக்ஸ்டரில் பின்னால் ஒட்டியிருக்கும் ‘எஸ்’ என்ற எழுத்தை நம்பாதீர்கள். அது தனியாகவே விற்கிறது.

இவ்வளவும் நாற்காலியில் உட்கார்ந்தபடி படித்துச் சொன்னது. எண் உண்மையான ஒரு காரின் எண் போலத்தான் இருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது. கொளத்தூரில் நிற்கும் கார் அந்தக் கார்தானா என்பது இன்னும் தெரியாது.

பல ஆண்டுகளுக்கு முன் மாதவரத்தில் ஒரு ஷெட்டில் வெளிநாட்டு கூபே (இரண்டு கதவு கார்) ஒன்றைப் பார்க்கப் போனேன். காகிதமெல்லாம் சுத்தம். எண்ணை எந்தத் தளத்தில் போட்டாலும் சரியான வண்டி, சரியான ஆண்டு. வழக்கம்போல மெல்லிய தாளை உலோகத்தின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து அச்சு எடுத்தேன். கண்ணுக்கு எல்லா இலக்கமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. தாளில் ஓர் 8 மட்டும் வேறாக இருந்தது: வலது வளைவுகள் மற்ற இலக்கங்களைப் போல ஒரே ஆழம், இடது வளைவுகள் ஆழமாக, ஓரம் பிசிறாக. அது பிறக்கும்போது 3. அந்த 8 உள்ள உண்மையான வண்டி வேறெங்கோ விபத்தில் நொறுங்கி, காகிதம் மட்டும் விலைக்குப் போயிருந்தது. வாங்கியவர் நம் பக்கத்து மீன் ஏற்றுமதிக்காரர், நல்ல மனிதர். வண்டி போலீஸ் நிலையத்து மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்ததை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கொடுத்த பணம் அவருக்குத் திரும்பவே இல்லை.

அதனால் ஒரு பென்சிலும் மெல்லிய தாளும் செல்லோ டேப்பும் கொண்டு போங்கள். முன்கண்ணாடியின் அடியில் இருப்பது தனித் தகடு. கண்ணாடியைக் கழற்றினால் அதையும் மாற்றலாம். உடலிலேயே பொறித்த எண் முன்பக்கச் சாமான் அறையில் பிளாஸ்டிக் உறைகளை அகற்றினால் தெரியும். அதில்தான் அச்சு எடுக்க வேண்டும். விற்பவர் உறையைக் கழற்றத் தயங்கினால் மெக்கானிக்கை வைத்துக் கழற்றுங்கள், கூலியை நீங்களே கொடுங்கள். ஒவ்வோர் இலக்கமும் ஒரே ஆழம், ஒரே இடைவெளி, ஒரே கோட்டில் இருக்கிறதா? சுற்றி அரைத்த தடமோ வெல்டிங் தையலோ இருக்கிறதா? அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தடிமனாக இருக்கிறதா? விரலால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடு தெரியும். கதவுச் சட்டத்து ஸ்டிக்கரையும் இதோடு ஒப்பிடுங்கள்.

முன்மூடியின் உட்பக்கம் ஒரு காகித லேபிள் ஒட்டியிருக்கும். சேசிஸ் எண், பெயின்ட் குறி, வண்டியோடு வந்த வசதிகளின் குறிகள், ‘சி’ என்று தொடங்கும் நாட்டுக் குறி எல்லாம் அதில் உண்டு. அதே லேபிள் பராமரிப்புக் கையேட்டிலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடியில் லேபிள் இல்லை, கையேட்டில் மட்டும் இருக்கிறது என்றால் மூடி மாற்றப்பட்டிருக்கிறது. முன்பக்கம் எதிலோ மோதியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு அடியில் பாருங்கள்.

என்ஜின் எண்ணைப் பார்க்க வண்டியைத் தூக்க வேண்டும், ஏனென்றால் என்ஜின் இருக்கைக்குப் பின்னால் புதைந்திருக்கிறது. தூக்கும்போதே ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். என்ஜின் கணினிக்குள்ளும் சேசிஸ் எண் பதிந்திருக்கும். உலோகத்தில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்ஷேவில் இன்னொரு வரமும் உண்டு: என்ஜின் ஓடிய மொத்த மணி நேரத்தையும் அதே கணினி வைத்திருக்கும். மீட்டரில் 24,000 கிலோமீட்டர், கணினியில் 2,400 மணி நேரம் என்றால் சராசரி மணிக்கு 10 கிலோமீட்டர். மூலக்கொத்தளம் நெரிசலில் தினமும் நின்றால்கூட அப்படி வராது, மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள்.

காகிதப் பக்கம் சுருக்கமாக. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் சேசிஸ், என்ஜின், பதிவு எண்களைக் கொடுத்தால் திருட்டு வழக்கில் இருக்கிறதா என்று சான்று எடுக்கலாம். வண்டிமேல் கடன் இருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுச்சேரியிலோ வேறு மாநிலத்திலோ பதிவான வண்டி என்றால் படிவம் 28 தடையின்மைச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய வரியும் விலைக்குள் வர வேண்டும்.

‘நம்ம ஹார்பரில் இறங்கிய வண்டி’ என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். புதிய கார் சென்னைத் துறைமுகத்தில் இறங்குவது முறைதான். பழைய காரை இறக்குமதி செய்வதற்கு நெடுங்காலமாகவே வேறு விதி: மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, வலது ஸ்டீயரிங் வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். எந்த வழியில் வந்திருந்தாலும் சுங்கத்துறை இறக்குமதி ஆவணத்தில் இதே பதினேழு எழுத்துகள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை வீடு வீடாகச் சோதனை போட்டு, பூட்டான் வழியாக வந்ததாகச் சொல்லப்பட்ட கார்களைப் பிடித்ததைப் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் அதிகாரிகள் வந்து நிற்பார்கள்.

2012 பிப்ரவரியில் பதிவான வண்டிக்கு 2027 பிப்ரவரியில் பதினைந்து ஆண்டு முடிகிறது. இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 40,000 ரூபாய் கட்டணம். இதையும் பேரத்தில் சொல்லுங்கள்.

வெள்ளத்தை இந்த எண் சொல்லாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கொளத்தூரில் எத்தனை தெருக்களில் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். பாக்ஸ்டரின் தரையோ நம் முழங்காலுக்கும் கீழே. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள், சீட் போல்ட்டுகளில் துரு பாருங்கள். உரிமையாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் இந்தச் சேசிஸ் எண்ணின் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். அந்த இரண்டு டிசம்பருக்கும் அடுத்த மாதங்களில் என்ன வேலை நடந்தது என்பதை முதலில் படியுங்கள்.

ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் போங்கள். முன்பணம் எதுவும் கொண்டு போகாதீர்கள். பென்சில் அச்சை எடுத்ததும் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். மூன்று, எட்டு, ஆறு, ஒன்பது இருக்கும் இடங்களை நானும் பார்த்துச் சொல்கிறேன்.